கையில் புத்தகம் இருந்தால்

குணபூசணி அக்கா வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கையில் புத்தகம் இருக்கிற பிள்ளையை யாரும் எந்த வேலைக்கும் கூப்பிடக் கூடாது. இந்தச் சட்டத்தை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் சாமியறை விளக்கு எப்படி அந்தியில் எரிந்தே ஆக வேண்டுமோ, அப்படி இதுவும் அந்த வீட்டில் மாறாமல் இருந்தது.

நான் அந்த வீட்டு முன்னறைக்குக் குடிவந்தது 1978ஆம் ஆண்டு கடைசியில். பண்டமாரான் பக்கத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் புவியியல் ஆசிரியராக வேலை கிடைத்திருந்தது. கிள்ளானில் தங்க இடம் தேடியபோது பள்ளிக் குமாஸ்தா இந்த வீட்டைக் காட்டினார். நான் பாகான் செராய்க்குப் பக்கத்துக் கம்பத்துப் பிள்ளை, அதாவது கிராமத்துப் பிள்ளை. எங்கள் கம்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். இதைச் சொல்லாமல் நான் யாருக்கும் என்னை அறிமுகம் செய்துகொண்டதில்லை. குணபூசணி அக்காவிடமும் வாசலில் நின்றபடி இதைத்தான் முதலில் சொன்னேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நல்லது தம்பி. பிட்டு சாப்பிடுவீங்களோ?" என்றார்.

அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்றாலும் யாழ்ப்பாணத்தைப் பார்த்தவரில்லை. பிறந்ததும் வளர்ந்ததும் சிரம்பான். அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். பள்ளி முடித்த கையோடு தாதிப் பயிற்சிக்குப் போனார். கல்யாணம் முடித்துக் கிள்ளானுக்கு வந்து, அரசாங்க மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தார். கணவர் யோகநாதன் துறைமுக அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. பிள்ளைகள் மூவர். மூத்தவள் சிவமலர், நான் வந்த மறு ஆண்டில் நான்காம் படிவம், பதினாறு வயது. அடுத்தவன் பாலேந்திரன், இரண்டாம் படிவம். பாலன் என்று கூப்பிடுவார்கள். கடைசிப் பெண் தயாளினி ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு.

அக்காவுக்கு மெலிந்த உடம்பு, உயரம் குறைவு. அவர் நடந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் பாதி ஓட்டம்தான். டியூட்டி முடிந்து வந்து, வெள்ளை யூனிஃபார்மைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குசினிக்குள் நுழைவார். அந்த வீட்டில் சமையலறைக்குக் குசினி என்றுதான் பெயர். ஒரு பக்கம் பிட்டு அவியும், ஒரு பக்கம் தேங்காய்ப்பால் சொதி கொதிக்கும், இடையில் கூட்டிப் பெருக்கும் வேலையும் நடக்கும். கூடத்தில் மூன்று பிள்ளைகளும் மூன்று புத்தகங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் யோகநாதன் அண்ணன் ஆங்கில நாளிதழை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருப்பார். அவரும் சட்டத்துக்குள் அடக்கம். தரையைக் கூட்டிக்கொண்டு அக்கா வரும்போது நான்கு பேரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்குவார்கள். எழுந்து நிற்க வேண்டியதில்லை, அதற்குள் அவர் கூட்டி முடித்துவிடுவார்.

சட்டம் யோகநாதன் அண்ணனின் அப்பா காலத்தில் வந்தது. கப்பலேறி வந்து, படித்த படிப்பால் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்த மனிதர் அவர். புத்தகம்தான் இந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது என்று சொல்லிச் சொல்லியே இரண்டு பையன்களை வளர்த்தாராம். படிக்கிற பிள்ளையைக் குழப்பக் கூடாது. அதில் தப்பு சொல்ல எனக்கும் வாய் வராது. என் அம்மாவும் நான் நான்காம் படிவம் போனதிலிருந்து வாத்துக்குத் தவிடு போடக்கூட என்னை விட்டதில்லை.

ஆனால் பாலன் கையில் இருந்தது என் பாடமான புவியியல் புத்தகம் என்பதால் எனக்கு ஒரு விஷயம் தெரிந்துபோனது. ஒரு மாதமாக அவன் தென்னமெரிக்காவின் புல்வெளியிலேயே இருந்தான். அதே பக்கம், அதே மாட்டு மந்தைப் படம். அம்மா குசினியிலிருந்து தலையை நீட்டினால் போதும், புல்வெளி மேலே எழும்பி அவன் முகத்தை மறைக்கும்.

எப்போதாவது சிவமலர் மனது கேட்காமல் எழுந்து குசினிப் பக்கம் போவதுண்டு. வெங்காயத்தை எடுத்து அவள் தோலை உரிக்கத் தொடங்குவதற்குள், "விடு பிள்ளை, நான் செய்யிறன். நீ போய்ப் படி" என்று அக்கா கத்தியை வாங்கிக்கொள்வார். அவள் உரித்தால் நேரமாகும். அக்காவுக்கு நேரம் கிடையாது.

மறு ஆண்டு செப்டம்பரில் ஒரு நாள், யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டபடி அக்கா என்னிடம் அந்தப் பேச்சை எடுத்தார். பினாங்கில் ஓராண்டு மேற்பயிற்சி. பேறுகாலமும் தாய்சேய் நலமும். முடித்தால்தான் சிஸ்டர் பதவிக்குப் போக முடியும். தாதிகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் அவர் பெயரைச் சொல்லியிருக்கிறார். முன்பு இரண்டு தடவை இதே அழைப்பு வந்து, பிள்ளைகள் சின்னது என்று அவரே வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். இந்தத் தடவை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், பிறகு கேட்கவே முடியாது.

யோகநாதன் அண்ணன் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அவர் வேண்டாமென்று சொல்லவில்லையாம். நல்ல விஷயம்தான் என்றாராம். "ஆனா வீடு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேப்பரைத் திருப்பிக்கொண்டாராம். வேலைக்கு ஓர் ஆளைப் பிடிப்பது பற்றிப் பேசினார்கள். ஆள் கிடைக்கவில்லை.

"உங்கட கம்பத்தில பிள்ளையள் என்ன வேலை செய்யுங்கள் தம்பி?" என்று கேட்டார்.

வாத்து அடைப்பது, தண்ணீர் இறைப்பது, தங்கச்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது என்று சொன்னேன். யார் சொல்லிச் செய்தோம் என்றே எனக்கு ஞாபகமில்லை.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தார். "இங்க எல்லாற்ற கையிலயும் புத்தகம் இருக்கு. என்னெண்டு கூப்பிடுறது?" என்றார். குறையாகச் சொல்லவில்லை. வாசலில் லோரி நிற்கிறது, காரை எப்படி வெளியே எடுப்பது என்பது போலத்தான் கேட்டார்.

அந்த ஆண்டு சரஸ்வதி பூசை ஞாயிற்றுக்கிழமையிலும் விஜயதசமி திங்கட்கிழமையிலும் வந்தன. நவராத்திரிக்கு அந்த வீட்டுக் கூடத்தில் கும்பம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு மாலை போட்டு, அவல் கடலை படைப்பார்கள். கடைசி நாளில் பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகத்தைப் படத்தின் முன்னால் வைப்பார்கள். மறுநாள் காலை எடுத்துவிடுவார்கள். வைத்த புத்தகத்தை எடுக்கும்வரை தொடக் கூடாது என்பதும் அந்த வீட்டில் மாறாத ஒன்று.

வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்தபோது, கும்பத்தின் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டி மடித்து விரிக்கப்பட்டிருந்தது. அக்கா குளித்துத் திருநீறு பூசி நின்றார். கடைசி மூன்று நாளும் சரஸ்வதிக்கு உரியது, ஆகவே இந்த ஆண்டு மூன்று நாளும் புத்தகம் பூசையில் இருக்கும் என்றார். ஒன்றிரண்டு இல்லை, எல்லாம்.

ஆண்டிறுதிப் பரீட்சை வருகிறதே என்று சிவமலர் கேட்டாள். பரீட்சைக்கு முன்னால் கும்பிட்டால்தானே நல்லது என்றார் அக்கா. பள்ளிப் பைகள் வந்தன. கதைப் புத்தகங்கள் வந்தன. பாலன் புவியியலை மட்டும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏன், ஜியோகிராஃபி சரஸ்வதிக்குத் தெரியாத பாடமோ?" என்று அக்கா கையை நீட்டினார். மாட்டு மந்தையும் பூசைக்குப் போனது.

என்னிடமும் வந்தார். ஆசிரியர் பக்கத்திலிருந்து ஒன்றும் இல்லாமல் பூசையா என்றார். என் பட்டச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தோடு கொண்டுவந்து கொடுத்தேன். அதை எல்லாவற்றுக்கும் மேலே, நடுவில் வைத்தார். குங்குமப் பொட்டோடு அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

சனிக்கிழமை விடியலில் நாளிதழ் வாசலில் விழுந்தது. யோகநாதன் அண்ணன் எழுந்து வருவதற்குள் அக்கா அதை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றி, புத்தக அடுக்கின் மேல் வைத்துவிட்டார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து வெறுங்கையைப் பார்த்துக்கொண்டார்.

"அது வெறும் பேப்பர்தானே, குணம்" என்றார் மெதுவாக.

"எழுத்து எழுத்துத்தான்."

அன்று அக்காவுக்குக் காலை டியூட்டி. புறப்படும்முன் பிள்ளைகளைக் கூப்பிட்டு நிறுத்தினார். சுற்றி வளைக்கவில்லை.

"திங்கக்கிழமை நான் மேட்ரனுக்குப் பதில் சொல்லவேணும். பினாங்குக்குப் போகலாமோ இல்லையோ எண்டு எனக்கே தெரியேல்ல. மூண்டு நாளும் இந்த வீடு என்னெண்டு போகுது எண்டு பாத்துத்தான் சொல்லுவன். இண்டைக்கு மத்தியானச் சாப்பாடு, உடுப்புத் தோய்க்கிறது, கூட்டுறது எல்லாம் உங்கட பொறுப்பு."

"டெஸ்ட்டா அம்மா?" என்றாள் தயாளினி.

"ஓம்."

என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்கள் கை வைக்கக் கூடாது. உங்களுக்கு எல்லாம் தெரியும்" என்றார். பிறகு பாதி ஓட்டமாகப் போய்விட்டார்.

அன்று காலை அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததுதான் நான் செய்த பெரிய வேலை. விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று தேடவே வெகு நேரமானது. தினமும் காலைத் தூக்கிக் கொடுத்தவர்களுக்கு அது எந்த மூலையிலிருந்து புறப்பட்டு வருகிறது என்று தெரியவில்லை. கடைசியில் குசினிக் கதவுக்குப் பின்னால் தயாளினி கண்டுபிடித்தாள். அவள் கூட்டிக்கொண்டு வந்தபோது யோகநாதன் அண்ணன் பழக்கத்தில் காலைத் தூக்கினார். அவள் கைக்கு விளக்குமாறு பெரியது, நாற்காலிக்குக் கீழே போகவில்லை.

"அப்பா, எழும்புங்க லா. எனக்கு எட்டலை."

அவர் எழுந்தார். எழுந்தவருக்கு மறுபடி எங்கே போய் உட்காருவதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கூடத்தின் நடுவில் நின்றார். பிறகு குசினிப் பக்கம் போய், தேங்காய் உடைக்கத் தனக்குத் தெரியும் என்று அறிவித்தார். உண்மையிலேயே நன்றாக உடைத்தார். இரண்டு மூடியும் சரிபாதி.

சிவமலர் பிட்டுக்கு மாவு குழைத்தாள். அம்மா கையைப் பார்த்த ஞாபகத்தில் வெந்நீரை ஊற்றினாள். மாவு உதிரவில்லை, கட்டியாகிவிட்டது. கட்டியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே குழலில் அடைத்து அவித்தாள். பாலன் துணி துவைத்தான். ஒரே வாளியில் சோப்பைக் கரைத்து அம்மாவின் யூனிஃபார்மையும் அப்பாவின் புது நீலக் கைலியையும் சேர்த்து ஊறப் போட்டான். வேலையை மிச்சப்படுத்தும் யோசனை அது. வாளியிலிருந்து யூனிஃபார்ம் வெளியே வந்தபோது, மழைக்கு முந்தைய வானம் மாதிரி மங்கலான நீலத்தில் இருந்தது. அவன் அதைக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினான்.

பிற்பகல் அக்கா வாசலைத் திறந்து உள்ளே வந்தார். முதலில் கொடியைத்தான் பார்த்தார். வலது கை தானாக நீண்டு யூனிஃபார்மின் நுனியைப் பிடித்தது, பிறகு விட்டுவிட்டது. உள்ளே வந்து, காலைக் கழுவிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அந்த நேரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன். தட்டில் பிட்டும் சம்பலும் வந்தன. பிட்டை விரலால் உடைக்கச் சற்று முயற்சி தேவைப்பட்டது.

"நல்லாருக்கா அம்மா?" என்று தயாளினி கேட்டாள்.

"இல்லை" என்றார் அக்கா. "ஆனா வயிறு நிறைஞ்சிட்டுது."

எனக்கு அதுவரை ஒரு கணக்கு இருந்தது. பிள்ளைகள் வேலை செய்யப் பழகவில்லை, பழகிவிட்டால் அக்கா பினாங்குக்குப் போய்விடுவார் என்று நினைத்திருந்தேன். அது பாதிதான் சரி என்று அன்று மாலை தெரிந்தது.

விளக்கு வைக்கும் நேரம். குசினியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தண்ணீர் குடிக்கப் போன நான் வாசலில் நின்றுவிட்டேன். அக்கா குழாயடியில் நின்று, பாலனும் சிவமலரும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். சட்டியின் அடியில் கொஞ்சம் பிசுக்கு இருந்திருக்க வேண்டும். கூடத்தில் யாருக்கும் கேட்கக் கூடாதென்று குழாயைக் கொஞ்சமாகத்தான் திறந்திருந்தார். எனக்குப் பின்னால் சிவமலர் வந்து நின்றதை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

"அப்ப நாங்க எதுக்கும்மா கழுவினோம்?" என்றாள் அவள்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அக்கா திரும்பினார். கையில் சட்டி சொட்டிக்கொண்டிருந்தது. அதை மகளிடம் நீட்டினார். சிவமலர் வாங்கி, பிசுக்கு எங்கே என்று கேட்டு, அந்த இடத்தை மட்டும் தேய்த்துக் கவிழ்த்தாள். அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். "கை துடிக்குது தம்பி" என்றார் என்னிடம். "ஆஸ்பத்திரியில பதினெட்டு வயசுப் பிள்ளையள் வருகுதுகள், ஊசி போடத் தெரியாது. பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன், வாங்கி நான் போடுறேல்ல. வீட்டில அது வரமாட்டுது."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு யோகநாதன் அண்ணனின் மூத்த அண்ணன் வல்லிபுரம் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வந்தார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்த பிறகு தனியாக இருப்பவர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. அந்தக் குடும்பத்தின் சட்டத்தை அவரைவிட மதித்தவர் இல்லை.

உள்ளே வந்தவர் கண்ணில் முதலில் பட்டது பாலன். குசினி வாசலில் திருவலையின் மேல் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். இரண்டாம் நாளுக்குள் அவன் கை ஒரு தாளத்துக்கு வந்திருந்தது.

"என்ன, டொக்டர் தேங்காய் திருவுறார்?" என்றார் வல்லிபுரம். பாலன் டொக்டராக வேண்டும் என்பது அவருடைய ஆசை.

பாலன் எழுந்திருக்கவில்லை. "புத்தகமெல்லாம் சாமிகிட்ட இருக்கு பெரியப்பா. சும்மா இருக்க முடியலை" என்றான்.

பெரியவர் கூடத்துக்கு வந்து புத்தக அடுக்கைப் பார்த்தார். அதன் உச்சியில் என் சான்றிதழைப் பார்த்தார். பக்கத்தில் சனி ஞாயிறு இரண்டு நாள் பேப்பரும் பிரிக்காமல் கிடந்ததையும் பார்த்தார். தேவாரம் பாடிக் கற்பூரம் காட்டி, எல்லாரும் இலையில் உட்கார்ந்த பிறகுதான் தொடங்கினார். சரஸ்வதிக்கு ஒரு நாள் வைத்தால் போதும் என்றார். பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகளின் புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டு ஆண்பிள்ளையைத் திருவலையில் உட்கார்த்துவது எந்த ஊர்ப் பக்தி என்று கேட்டார். தன் அப்பா இருந்திருந்தால் இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டிருக்க மாட்டார் என்றார்.

அக்கா சொதி பரிமாறிக்கொண்டிருந்தார். கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் நின்றது. இந்த வீட்டில் வல்லிபுரம் பேசி முடித்தால் அது முடிந்ததுதான். நாளைக்கு மேட்ரனிடம் என்ன பதில் போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது.

யோகநாதன் அண்ணன் இலையிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் சாப்பாட்டு நேரத்தில் பேசுகிறவர் இல்லை.

"அண்ணை, இந்த வருஷம் இந்த வீட்டில பெரிய பரீட்சை பிள்ளையளுக்கு இல்லை" என்றார்.

"பின்னை ஆருக்கு?"

"குணத்துக்கு. அவ பினாங்குக்குப் படிக்கப் போறா. படிக்கிற ஆளைக் குழப்பக் கூடாது எண்டு அப்பா சொல்லேல்லையோ?"

வல்லிபுரம் தம்பியைப் பார்த்தார், பிறகு சரஸ்வதி படத்தைப் பார்த்தார். படிப்பு என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் அதற்கு மேல் எதிர்வார்த்தை பேசும் வழக்கம் அந்தக் குடும்பத்திலேயே கிடையாது. அவருக்கும் கிடையாது. சோற்றைப் பிசைந்தார்.

"எத்தினை மாசம்?" என்று கேட்டார் கடைசியில்.

"ஒரு வருஷம்" என்றார் அக்கா.

"சொதிக்குப் புளி காணாது" என்றார் வல்லிபுரம். "ஆர் வச்சது?"

சிவமலர் தான் வைத்தது என்று சொன்னாள். அவர் இன்னொரு கரண்டி போடச் சொன்னார். சாப்பிட்டு எழுந்தபோது தயாளினி, "பெரியப்பா, உங்க வீட்டுல யாரு சமைக்கிறது?" என்று கேட்டாள். ஸ்டேஷன் பக்கத்தில் கௌஸ் கடையில் சாப்பிடுவதாக அவர் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, காலையில் கோப்பி மட்டும் தானே போட்டுக்கொள்வதாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

ஆனாலும் விஷயம் முடிந்துவிடவில்லை. அன்று மாலை வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது அக்காவே சொன்னார். புத்தகம் கையில் இல்லாமல் இரண்டு நாள் வேலை செய்வதில் என்ன இருக்கிறது, நாளைக்குப் புத்தகம் கைக்கு வந்த பிறகு எழும்புகிறார்களா என்றுதான் பார்க்க வேண்டும் என்றார். பாலன் அந்த நேரம் அதே நீல யூனிஃபார்மை மறுபடி சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லை. நீலம் கொஞ்சம் வெளிறியது, முழுதாகப் போகவில்லை.

திங்கட்கிழமை விடியலில் விஜயதசமிப் பூசை. அன்று அக்காவுக்குப் பிற்பகல் டியூட்டி. விளக்கேற்றிக் கும்பிட்டு, புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பள்ளிக்குப் புறப்படுமுன், வழக்கப்படி ஆளுக்குக் கொஞ்சம் வாசிக்க வேண்டும். சிவமலர் வரலாறு வாசித்தாள், தயாளினி மலாய்க் கதை வாசித்தாள். பாலன் புவியியலைத் திறந்தான். அது தானாகப் புல்வெளியில் திறந்தது. யோகநாதன் அண்ணனுக்கு மூன்று நாள் பேப்பர் சேர்ந்திருந்தது. நான் என் சான்றிதழை எடுத்துத் துடைத்தேன். கூடம் பழையபடி ஆகிவிட்டது. நாற்காலியில் நான்கு பேர், நான்கு கையிலும் எழுத்து.

அப்போது மழை வந்தது. கிள்ளான் மழை முன்னறிவிப்புக் கொடுத்து வராது. தகரக் கூரையில் முதலில் நாலு துளி, அடுத்த நொடி கொட்டும். கொடியில் யூனிஃபார்ம் கிடந்தது. அக்கா தலைவாரிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்தார். சீப்பு கூந்தலில் பாதியில் நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. நாற்காலியின் கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். அந்தக் கை எவ்வளவு இறுகியிருந்தது என்பது எதிரே இருந்த எனக்குத் தெரிந்தது.

பாலன் ஜன்னலைப் பார்த்தான். புத்தகத்தைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு துணிக் கிளிப்பை எடுத்துப் புல்வெளிப் பக்கத்தில் மாட்டி, புத்தகத்தை மூடி நாற்காலியில் வைத்துவிட்டு ஓடினான். பின்னாலேயே தயாளினி ஓடினாள். குசினியில் கேத்தல் கொதித்து மூடி ஆடும் சத்தம் கேட்டது. சிவமலர் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். யோகநாதன் அண்ணன் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜன்னல்களைச் சாத்தப் போனார். ஒரு ஜன்னலின் கொக்கி அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் போனார்.

அக்கா தலைவாரி முடித்தார்.

பிற்பகல் அந்த வெளிர்நீல யூனிஃபார்மைத்தான் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். யாரோ கேட்டதற்கு, மகன் துவைத்தது என்று சொன்னாராம். மேட்ரனிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஜனவரி தொடக்கத்தில் பினாங்குக்கு ரயிலேறினார். அதற்கு முன்னால் இருந்த பள்ளி விடுமுறை முழுவதும் குசினியில் பெரும் அமர்க்களம். உடைந்தது, கருகியது, வழிந்தது எல்லாவற்றையும் சொல்லப் போனால் இந்தக் கட்டுரை முடியாது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். கை துடிக்கும்போது இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொள்வார். "விடு பிள்ளை" வரை வாய் வரும். மிச்சம் வராது.

மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வரலாம் என்பது ஏற்பாடு. முதல் தடவை வந்த சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். பையை வைத்துவிட்டு, பழைய வேகத்தில் பாதி ஓட்டமாகக் குசினிக்குள் போனார். போனவர் நடுவில் நின்றுவிட்டார். அலமாரியில் எல்லாம் இடம் மாறியிருந்தது. தயாளினிக்கு எட்டும் உயரத்துக்கு டின்கள் கீழே வந்திருந்தன. இடியப்ப உரல் இருந்த இடத்தில் பாலன் அரிசி வாளியை வைத்திருந்தான். தேத்தண்ணிக்கு நீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"சீனிப் பேணி எங்க?" என்று கேட்டார்.

"அம்மா, நீங்க போய் உட்காருங்க. நாங்க கொண்டு வரோம்" என்றாள் சிவமலர்.

தன் குசினியில் சீனி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நிற்பது அவருக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை. கூடத்துக்கு வந்தார். பையைத் திறந்து, பேறுகாலப் பாடப் புத்தகம் ஒன்றை எடுத்தார். தடிமனான ஆங்கிலப் புத்தகம், அட்டை போட்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து விரித்துக்கொண்டார். அடுத்த மாதம் முதல் பரீட்சை.

உள்ளேயிருந்து எண்ணெய் காயும் சத்தம் வந்தது. தயாளினி எட்டிப் பார்த்து, "அம்மா" என்றாள். என்னவோ கேட்க வந்தாள்.

யோகநாதன் அண்ணன் வெங்காயத் தோல் ஒட்டிய கையோடு குசினி வாசலில் நின்றார். மகளைத் தோளில் தொட்டு உள்ளே திருப்பினார்.

"அம்மான்ர கையில புத்தகம் இருக்கு. கூப்பிடாத."

அக்காவின் கண் பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் காது குசினியில் இருந்தது என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் கடுகு கருகும் மணம் வந்தது.

அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.